மாசிக்காய் மையில் ஒரு கூழைக்கடா

எங்கள் பங்குக் கோயிலின் நற்கருணைப் பேழைக் கதவில் ஒரு பறவை இருக்கிறது. பித்தளைத் தகட்டில் புடைத்தெடுத்த உருவம். சிறகை விரித்து, கழுத்தை வளைத்து, தன் நெஞ்சையே அலகால் கொத்திக்கொண்டிருக்கும். கீழே கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்தபடி நிற்கும். சின்ன வயதில் அதைக் கழுகு என்று நினைத்திருந்தேன். அம்மா கொக்கு என்பாள். "தன் ரத்தத்தைக் குடுத்துப் பிள்ளைய வளக்குதுடா" என்பதோடு அவளுடைய விளக்கம் முடிந்துவிடும். அது பெலிக்கன், நம் ஊர்க் கூழைக்கடாவின் இனம் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

இந்த மாசியில் அம்மாவுக்கு எழுபது நிறைந்தது. அவளுக்காக அந்தப் பறவையின் ஏடு ஒன்றை, 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் செய்த முறையிலேயே, தோலில் எழுதி, பொன் ஒட்டி, வண்ணம் தீட்டிச் செய்தேன். ஐப்பசியில் ஆரம்பித்தது, நான்கு மாதம் பிடித்தது. எது சரியாக வந்தது, எது வீணாய்ப் போனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் மூலத்தைப் பற்றிக் கொஞ்சம். இடைக்கால ஐரோப்பாவில் பெஸ்டியரி என்று ஒரு வகை நூல் இருந்தது. நான் அதை விலங்கேடு என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு விலங்கின் படம், அதன் குணம், அந்தக் குணத்துக்குள் கடவுள் எழுதிவைத்ததாக அவர்கள் நம்பிய பொருள், இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். இதன் வேர் 'பிசியோலகஸ்' என்ற கிரேக்க நூல். கிறித்தவத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில், பெரும்பாலும் அலெக்சாந்திரியாவில் உருவானது. அது லத்தீனுக்குப் போய், 7-ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர் தொகுத்த கலைக்களஞ்சியத்திலிருந்து செய்திகளைச் சேர்த்துக்கொண்டு, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பொன் மின்னும் சுவடிகளாக வளர்ந்தது. சிங்கம் வாலால் தன் தடத்தை அழித்துக்கொண்டே நடக்கும், தன் தெய்வீகத்தை மறைத்து மனிதனாய் வந்த கிறிஸ்துவைப் போல. சிறுத்தை மூன்று நாள் தூங்கி எழுந்து முழங்கும்போது வாயிலிருந்து நறுமணம் வீசும். எல்லா விலங்கும் அந்த மணத்தைத் தொடர்ந்து போகும், டிராகன் மட்டும் பயந்து பொந்துக்குள் ஒளியும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை.

பெலிக்கனின் கதை இவற்றில் கொடுமையானது. குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோரின் முகத்தில் அடிக்கின்றன. பெற்றோர் திருப்பி அடிக்க, குஞ்சுகள் செத்துப்போகின்றன. மூன்றாம் நாள் தாய்ப்பறவை தன் விலாவைக் கிழித்து அவற்றின் மேல் ரத்தம் சொரிய, அவை உயிர்பெறுகின்றன. பெற்று வளர்த்த பிள்ளைகள் எனக்கு எதிராக எழுந்தார்கள் என்ற எசாயாவின் சொல்லையும், சிலுவையில் குத்தப்பட்ட விலாவையும் இந்தக் கதையோடு சேர்த்துப் படித்தார்கள். அம்மா சொன்ன கதையில் அந்த முதல் பாதி இல்லவே இல்லை. பிள்ளைகள் அடித்தார்கள், அதன் பிறகுதான் ரத்தம் என்று தெரிந்த அன்று எனக்கு அந்தப் பித்தளைக் கதவு வேறாகத் தெரிந்தது.

நான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது அபர்தீன் விலங்கேடு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, சுமார் 1200-இல் செய்தது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை நூலகப் பட்டியலில் 1542-இல் அது பதிவாகியிருக்கிறது. பக்க அளவு ஏறக்குறைய 30 செ.மீ.க்கு 21 செ.மீ., அதாவது நம்முடைய ஏ4 தாள்தான். பல்கலைக்கழகம் முழுச் சுவடியையும் மிகத் தெளிவான படங்களாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பக்கம் புரட்டியவர்களின் விரல் அழுக்குகூடத் தெரியும்.

சரி, தோல். தோல் கருவிகள் செய்யும் ஒருவரிடம், சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி இழுத்துக் காயவைத்த ஆட்டுத்தோல் வாங்கினேன். பதனிட்ட தோல் இதற்கு ஆகாது. செருப்புக்கும் பைக்கும் போகிற தோலை மரப்பட்டைச் சாற்றிலோ ரசாயனத்திலோ ஊறவைப்பார்கள். எழுதும் தோலுக்கு அது கிடையாது. சுண்ணாம்பும், இழுவிசையும், சுரண்டலும் மட்டுமே. மத்தளத்துக்குப் போகிற தோலும் ஏட்டுக்குப் போகிற தோலும் ஒரு கட்டம் வரை ஒன்றேதான். மீண்டும் நனைத்து, மரச்சட்டத்தில் கயிறு கட்டி இழுத்து, ஈரமாக இருக்கும்போதே சுரண்டினேன். அந்தக் காலத்தில் இதற்கென்று பிறைவடிவக் கத்தி வைத்திருந்தார்கள், நேர்க்கத்தியின் முனை தோலைக் கிழித்துவிடும் என்பதால். இதைப் படித்துத் தெரிந்திருந்தும் நேர்க்கத்தியையே எடுத்தேன். ஓரத்தில் கடுகளவு கீறல் விழுந்தது. தோல் காயக்காய இழுபட்டு, கீறல் கட்டைவிரல் அளவு ஓட்டையாக விரிந்தது. இடைக்காலச் சுவடிகளில் அப்படிப்பட்ட முட்டைவடிவ ஓட்டைகளைப் பார்க்கலாம். எழுதியவர்கள் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு வரியைத் தொடர்ந்திருப்பார்கள். நானும் அந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டேன்.

தோலுக்கு இரண்டு முகம். மயிர் இருந்த பக்கம் மஞ்சள் பாய்ந்து, புள்ளிப்புள்ளியாய் இருக்கும். சதைப்பக்கம் வெள்ளையாக மிருதுவாக இருக்கும். சதைப்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். குதிகால் தேய்க்கக் கடையில் விற்கும் நுரைக்கல்லால் லேசாகத் தேய்த்து, சாக்பீஸ் பொடி தூவித் துடைத்தேன். இந்தப் பொடி போடாவிட்டால் தோலின் கொழுப்பில் மை நிற்காது, திட்டுத்திட்டாகப் பிரியும்.

மை செய்வதற்கு வெளிநாட்டிலிருந்து எதையாவது வரவழைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும்போது மரம் உருண்டையாக ஒரு புடைப்பை வளர்த்துக்கொள்ளும். அந்த உருண்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. அதை ஊறவைத்த சாற்றில் இரும்பு உப்பைக் கலந்தால் கறுப்பு மை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஐரோப்பா எழுதியது அந்த மையில்தான். அந்த ஓக் உருண்டையின் பெயரைத் தேடிக்கொண்டே போனால், அது நம் மாசிக்காய்! குழந்தைக்கு உரைமருந்தில் உரைத்துக் கொடுப்போமே, அதே காய். இரும்பு உப்பு நம் அன்னபேதி. பிசின் நம் கருவேலம் பிசின். மூன்றும் ஒரே நாட்டு மருந்துக் கடையில், ஒரே சீட்டில் கிடைத்தன. "பிள்ளைக்கு எத்தனை மாசம் ஆகுது தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர். மை காய்ச்ச என்றதும் எழுந்து உள்ளே போய், புழு துளைக்காத கனமான காய்களாகத் தானே பொறுக்கித் தந்தார். துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம், சத்தும் குறைந்திருக்கும்.

நாற்பது கிராம் மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து, நானூறு மில்லி மழைநீரில் ஒரு வாரம் ஊறவிட்டேன். மேலே பூஞ்சை படர்ந்தது. அது நல்லதுதான், துவர்ப்பை உடைத்து மைக்கு வேண்டிய அமிலத்தை விடுவிக்கும். வடிகட்டி அன்னபேதி பதினைந்து கிராம் போட்டதும் வெளிர்பழுப்புச் சாறு ஒரே நொடியில் கருநீலமானது. கடைசியில் பிசின் பதினைந்து கிராம். முதல் தடவை நான் முப்பது கிராம் அன்னபேதி போட்டுவிட்டேன். அதுவும் காற்றுப்பட்டு மஞ்சள்பழுப்பாய்ப் போன பொடி. அந்த மை நாலே நாளில் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது. அன்னபேதி கூடினால் காலப்போக்கில் எழுத்து தோலையே அரித்துத் தின்றுவிடும். வெளிர்பச்சைப் படிகமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த மையைத் தொட்டு எழுதும்போது சாம்பல் நிறத்தில் மங்கலாகத்தான் விழும். பயப்பட வேண்டாம். காற்றுப்பட்டு, ஒரு மணி நேரத்தில் கறுக்கத் தொடங்கி, மறுநாள் முழுக்கறுப்பாகிவிடும். அது தோலின் மேல் படிவதில்லை, உள்ளே கடித்துக்கொள்கிறது. பிழை திருத்த வேண்டுமென்றால் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் எழுதுபவர் படங்களில் வலக்கையில் இறகும் இடக்கையில் கத்தியுமாக இருக்கிறார்கள்.

இறகுக்கு, காவலுக்கு வளர்க்கும் சீமை வாத்தின் இடது சிறகிலிருந்து உதிர்ந்த நீள இறகுகள் கிடைத்தன. வலக்கைக்காரருக்கு இடது சிறகின் வளைவுதான் வாகு. வாணலியில் மணலைச் சூடாக்கி இறகின் தண்டைச் சில நொடி புதைத்து எடுத்தால் இறுகும். ஐந்து இறகில் மூன்று கருகிப் போயின. மணல் புகையும் அளவுக்குச் சூடாகக் கூடாது.

கோடு போடுவதற்கு ஈயம். 12-ஆம் நூற்றாண்டில் ஈயக் குச்சியால் கோடு போடும் பழக்கம் பரவியது, அதற்கு முன்னால் கூர்முனையால் கீறினார்கள். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒன்றைத் தட்டி நீட்டிக் குச்சியாக்கினேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு விழுந்தது. பென்சிலைவிட அழகு என்பேன். கை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் எழுத்து, அப்புறம்தான் படம். எழுதுபவர் படத்துக்கு இடம் விட்டுக்கொண்டு எழுதிப்போவார், ஓவியர் பின்னால் வருவார். அபர்தீன் சுவடியில் ஓவியருக்கான சிறுகுறிப்புகள்கூட ஓரத்தில் உண்டு. நான் தமிழில் எழுதுவதென்று முடிவு செய்திருந்தேன், அம்மா வாசிக்க வேண்டுமே. பட்டைமுனை இறகில் தமிழ் எழுதுவது பழகாத வேலை. நம் எழுத்து எழுத்தாணியில் வளர்ந்தது, ஒரே தடிமனான கோடு. பட்டைமுனையோ இறங்கும்போது தடிக்கும், பக்கவாட்டில் மெலியும். ண, ணை, ஞ இவற்றின் சுழிகள் மையால் அடைத்துக்கொண்டன. முனையை ஒரு மில்லிமீட்டருக்கு வெட்டிய பிறகுதான் சுழிக்குள் வெளிச்சம் வந்தது.

இடமும் போதவில்லை. லத்தீனில் எழுதியவர்கள் எத்தனையோ சுருக்கக் குறிகள் வைத்திருந்தார்கள். ஒரு எழுத்தின் காலில் குறுக்குக்கோடு போட்டால் மூன்றெழுத்துச் சொல் ஆகிவிடும், கிறிஸ்துவின் பெயரே மூன்றெழுத்தில் அடங்கும். நம் ஓலைச்சுவடிக்காரர்களும் வருடம், மாதம், நாள் எல்லாவற்றுக்கும் ஒற்றைக்குறி போட்டவர்கள்தான். நான் எதையும் சுருக்காமல் எழுதியதில் கடைசி இரண்டு வரி படத்துக்கான இடத்துக்குள் இறங்கிவிட்டது. முழுத் தோலையும் வீணாக்க மனமில்லை. அந்த இரண்டு வரியைச் சுரண்டிவிட்டு, வாசகத்தைக் குறைத்தேன்.

ஒரு சொற்றொடரை மட்டும் குறைக்கவில்லை. பெலிக்கன் தன் குஞ்சுகளைக் கொன்று மூன்று நாள் துக்கம் காத்து ரத்தத்தால் உயிர்ப்பிக்கிறது என்று எழுதும் இசிதோர், தொடக்கத்திலேயே 'அது உண்மையாக இருந்தால், இப்படிச் சொல்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை போடுகிறார். இந்தப் பறவை நிஜத்தில் இப்படிச் செய்யுமா என்ற கேள்வி 7-ஆம் நூற்றாண்டு ஆயருக்கே இருந்திருக்கிறது. இருந்தும் கதையை அவர் விடவில்லை. இந்த நூல்களை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 'உண்மையாக இருந்தால்' என்பதை என் ஏட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

படத்துக்கு வருகிறேன். பறவையை நிஜக் கூழைக்கடாவாக வரைவதா, விலங்கேட்டுப் பறவையாக வரைவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஒரு நாள் காலை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். அங்கே கூழைக்கடாக்கள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டியிருக்கும். குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையைக் கழுத்துவரை நுழைத்து மீனை எடுக்கிறது. தாய் அலகை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் குஞ்சு நெஞ்சைக் கிழித்துத் தின்பது போலவே இருந்தது. இரை கேட்கும் குஞ்சு சிறகை அடித்துக்கொண்டு வெறிபிடித்தாற்போலத் துடித்து, மயங்கினாற்போல் விழுந்து கிடந்து, பிறகு எழுகிறது. அடிக்கும் குஞ்சு, சாகும் குஞ்சு, பிழைக்கும் குஞ்சு எல்லாம் என் கண்முன் கூட்டில் இருந்தன. அங்கே நின்றபோது பழைய தமிழ் வேதாகமத்தின் 102-ஆம் சங்கீதம் நினைவுக்கு வந்தது. லத்தீனில் பெலிக்கன் என்றிருக்கும் இடத்தில் அது 'வனாந்தர நாரைக்கு ஒப்பானேன்' என்கிறது. அம்மா கொக்கு என்றதில் அவ்வளவு பெரிய தப்பில்லை.

வீட்டுக்கு வந்து நிஜ அலகோடு வரைந்து பார்த்தேன். முடியவில்லை. அவ்வளவு நீள அலகைக் கழுத்தை வளைத்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் முனை வயிற்றையும் தாண்டிக் காலுக்குப் போகிறது. குத்துகிற முனை நெஞ்சில் பட வேண்டுமென்றால் அலகு சிறுத்தாக வேண்டும். சிறுத்த அலகு குத்துவதாகத் தெரிய வேண்டுமென்றால் வளைந்தாக வேண்டும். விலங்கேட்டுப் பெலிக்கன்கள் கழுகு அலகோடு இருப்பது ஓவியர் பறவையைப் பார்க்காததால் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கையால் வரைந்த பிறகு அப்படித் தோன்றவில்லை, கதைதான் அலகை வளைத்திருக்கிறது. இதே இங்கிலாந்தில், பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி 1255-இல் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையை அனுப்பினார். மேத்யூ பாரிஸ் என்ற துறவி அதை வரைந்து, யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது என்ற பழைய பேச்சுக்கு நேரெதிராக, மூட்டுகளைத் தெளிவாகக் காட்டினார். கண்ணால் பார்த்து வரையத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். நானும் வளைந்த அலகையே வரைந்தேன்.

வரைந்ததைத் தோலுக்கு மாற்றுவதற்கு அபர்தீன் சுவடியே வழி காட்டியது. அதில் சில படங்களின் விளிம்பைச் சுற்றி ஊசித்துளைகள் இருக்கின்றன. படத்தையே ஊசியால் குத்தி, அடியில் வேறு தாள் வைத்து, துளைவழியே கரித்தூளைத் தட்டி நகல் எடுத்திருக்கிறார்கள். அக்கா ஆரி ஒர்க் செய்கிறவள். இதைச் சொன்னதும், "நாங்க ப்ளவுஸுக்குப் போடுறதுதானடா இது" என்று டிரேசிங் பேப்பரை வாங்கி, பத்தே நிமிடத்தில் சிறகு முழுக்கச் சீரான இடைவெளியில் குத்திக் கொடுத்துவிட்டாள். அவர்கள் மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடி குழைத்துத் தேய்ப்பார்கள். நான் கரித்தூளைத் துணி முடிச்சில் கட்டித் தட்டினேன். தோலில் புள்ளிப்புள்ளியாகப் பறவை வந்து நின்றது.

பொன் வைப்பதில்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். வண்ணத்துக்கு முன்னால் பொன் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பொன்தாள் வண்ணத்தின் மேலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடித்தளத்துக்கு ஒரு பூச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிறையத் தண்ணீரில் பல நாள் கலக்கி இறுகும் தன்மையைப் போக்கிவிட்டு, மீன்பசை, கொஞ்சம் சர்க்கரை, நிறத்துக்குக் காவி சேர்த்து அரைக்க வேண்டும். பழைய முறையில் ஈய வெள்ளையும் சேரும், நஞ்சு என்பதால் நான் சேர்க்கவில்லை. கார்த்திகை அடைமழையில் பூசினேன். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பத்து நாளாகியும் பூச்சு பிசுபிசுத்தது. மெருகுக்கல்லை வைத்ததும் பொன்னோடு பெயர்ந்து வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, தை பிறந்து வாடைக்காற்று உலர்ந்த பிறகு, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து மறுபடி பூசினேன். தஞ்சாவூர்ப் படம் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் தடித்த பொன்தகட்டைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். இங்கே பசை என்பது நம் மூச்சுதான். காய்ந்த பூச்சின் மேல் ஒரு குழல் வழியே ஆழமாக இரண்டு மூன்று முறை ஊத வேண்டும். மூச்சின் ஈரத்தில் சர்க்கரை இளகும் அந்த நொடியில் பொன்தாளை வைத்து அழுத்த வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தேன்.

சிங்கக்குட்டிகள் இறந்தே பிறக்கும், மூன்றாம் நாள் தகப்பன் வந்து முகத்தில் ஊதினால் உயிர்பெறும் என்பதும் விலங்கேட்டுக் கதைதான். அந்தச் சிங்கத்தின் பக்கத்துக்குப் பொன் வைத்தவரும் இப்படித்தான் குனிந்து ஊதியிருப்பார். ஊதும்போது அவருக்கு அந்தக் கதை நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? எனக்கு வந்தது. கொஞ்ச நேரம் பூச்சைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நகை செய்பவர்கள் மெருகு போடும் அகேட் கல்லால் தேய்த்ததும் பொன் கண்ணாடியானது. அந்தக் காலத்தில் நாய்ப்பல்லும் இதற்குப் பயன்பட்டது.

வண்ணம் சீக்கிரம் முடிந்துவிட்டது. முட்டை வெள்ளைக்கருவை நுரை வர அடித்து, இரவு முழுக்க வைத்து, அடியில் தெளிந்த நீரை எடுத்தால் அதுதான் பிணைப்பான். சிறகுக்கு அவுரி நீலம், கூட்டுக்குக் காவி. அவர்கள் பயன்படுத்திய விலையுயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைக்கல்லிலிருந்து வந்தது, அது என் பணத்துக்கு எட்டவில்லை. ரத்தத்துக்கு அசல் முறைப்படி ஜாதிலிங்கம். நாட்டு மருந்துக் கடையில் அதுவும் இருந்தது. ஆனால் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள், வீட்டில் வைத்து அரைக்கவே கூடாது. ட்யூபில் வரும் செந்நிறத்தை வைத்துக்கொண்டேன். நெஞ்சில் மூன்று துளி, குஞ்சுகளின் வாயில் ஒவ்வொரு துளி. அதைக் கடைசியாக வைத்தேன், சுற்றுக்கோடும் வெள்ளை மினுக்கமும் எல்லாம் முடிந்த பிறகு.

பிறந்தநாளன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள். குஞ்சுகள் பெற்றோரை அடிக்கும் இடத்தில் விரல் நின்றது. "இது எனக்குத் தெரியாதே" என்றாள். பிறகு ஓட்டையைச் சுற்றிப்போகும் வரியைத் தொடர்ந்து வாசித்தாள். ஏடு இப்போது அவளுடைய ஜெபப் புத்தகத்துக்கு அடியில், இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவே கயிறு கட்டி இருக்கிறது. ஈரக்காற்றில் தோல் சுருண்டுகொள்ளும் என்பதால் சட்டம் போட்டு மாட்டவில்லை.

மை கால் புட்டி மிச்சம் இருக்கிறது. பூஞ்சை பிடிக்காமல் இரண்டு கிராம்பு போட்டு வைத்திருக்கிறேன். தோலும் ஒரு துண்டு மீந்திருக்கிறது, சிறுத்தைக்குப் போதும். இந்த முறை பிறைவடிவக் கத்தியைக் கொல்லரிடம் சொல்லிச் செய்து வாங்கிவிட்டேன்.